என் திருப்புளியும் அண்ணன் தொண்டையும்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய தலைவர் அவர்களே! ஹாரன் பழுதானாலும் வாயாலேயே வழி வாங்கிவிடும் வல்லமையால் ‘ஹாரன்’ என்று நம் லாரிச் சங்கமே வாஞ்சையோடு அழைக்கும் வாய்ச்சொல் வேந்தரே! பத்துச் சக்கரத்தையும் பத்து விரல்போல் பழக்கி வைத்திருக்கும் ஓட்டுநர் பெருமக்களே! செத்துக் கிடக்கும் எஞ்சினையும் தட்டி எழுப்பும் மெக்கானிக் மாமணிகளே! வண்டி வரும்வரை வாசலைப் பார்த்திருந்து, வந்து இறங்கியதும் வாங்கு வாங்கென்று வாங்கிவிடும் தாய்மார்களே! கறுப்புச் சட்டையும் கழுத்தைத் தாண்டிய முடியுமாகக் கடைசி வரிசைகளை நிறைத்திருக்கும் ஹெவி மெட்டல் கண்மணிகளே! மேடையில் எனக்கு இடப்பக்கம், மூன்றாவது நாற்காலியில் வாய் திறக்காமல் வீற்றிருக்கும் என் அண்ணனே! பாட்டு நேரம் வரும்வரை அந்த வாய் திறந்துவிடாமல் பக்கத்திலேயே காவல் இருக்கும் அண்ணியாரே! உங்கள் அனைவருக்கும் இந்த லாரி ஓட்டுநரின் வணக்கம், வணக்கம், வணக்கம்!

அழைப்பிதழில் என் பேச்சுக்கு ‘மாற்று எரிபொருள்: ஓர் அறிமுகம்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைத்தான் பேசப்போகிறேன். ஆனால் எனக்கு நேர்வழியில் வண்டி ஓட்டத் தெரியுமே தவிர, நேர்வழியில் பேசத் தெரியாது. பொறுத்தருள வேண்டும். முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பதினெட்டு ஆண்டுகளாக, என் அண்ணனின் குரலை, அவருக்கும் தெரியாமல், எனக்கும் தெரியாமல், கொஞ்சம் கொஞ்சமாக நான் கெடுத்து வந்தேன். அந்தக் குரல் திரும்பி வருமா வராதா என்று எங்கள் குடும்பம் எட்டு மாதம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தது. வந்துவிட்டது! அம்மாடி, வந்துவிட்டது! அந்த நிம்மதியில் நிற்கிறேன், ஆகையால் இன்று கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவேன்.

என்ன ஐயா? முன்வரிசைப் பெரியவர் கேட்கிறார், “அது என்னம்மா ஹெவி மெட்டல்?” என்று. நியாயமான கேள்வி. ஏற்றி இறக்கும் சரக்கு இல்லை ஐயா. கிட்டாரை அலறவிட்டு, டிரம்மைப் பிளந்து, அடிவயிற்றிலிருந்து கர்ஜிக்கும் பாட்டு. உங்கள் லாரி முழுப் பாரத்தோடு செகண்ட் கியரில் மேடு ஏறும்போது ஒரு பாட்டுப் பாடுமே, ஏறத்தாழ அதுதான்! சிரிக்கிறீர்கள். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் குழு பிறந்ததே அந்தப் பாட்டில்தான்.

குழுவின் பெயர் ‘கொதிகலன்’. அதில் இருப்பவர்கள் மூன்றே பேர். டிரம் அடிப்பவர் லாரி மெக்கானிக், ‘சுத்தியல்’ என்றால்தான் திரும்பிப் பார்ப்பார். கிட்டார்காரர் தையற்காரர், ‘ஊசி’. கர்ஜிப்பவர் என் அண்ணன். அண்ணனின் தொழில் என்ன தெரியுமா? நூலகர்! வாரத்தில் ஆறு நாள் எல்லோரையும் ‘உஷ்’ என்று அடக்குபவர், ஏழாம் நாள் மேடையேறி ஊரையே அதிர வைப்பார். அந்த ஆறு நாள் அடக்கம்தான் ஏழாம் நாள் வெடிக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. நான்? நான் லாரிக்காரி. ஆறு நாள் சரக்கு ஏற்றுவேன், ஏழாம் நாள் இவர்களையும் இவர்களுடைய ஸ்பீக்கர்களையும் ஏற்றுவேன்.

முதல் ஒத்திகை எங்கள் லாரி ஷெட்டில். பிரேக்குக்குக் காற்று ஏறட்டும் என்று நான் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு நின்றிருந்தேன். சுருதி சேர்க்க இவர்களிடம் ஒரு கருவியும் இல்லை. ஊசி கிட்டாரின் தடித்த கம்பியை முறுக்கிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்தி, வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் காதை வைத்தார்.

“அண்ணே, இங்க வாங்கண்ணே! வண்டி என்னமா ரீங்காரம் பண்ணுது பாருங்க. இந்தச் சத்தத்துக்கே கம்பியச் சேத்துடலாம் போல!”

அண்ணனும் காதை வைத்தார். “அட, நாலு கட்டைடா!” என்றார். சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள், எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். அன்று தொடங்கியது அந்தப் பழக்கம். எந்த ஊரில் எந்த மேடையானாலும், மேடைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தி நான் ஸ்டார்ட் செய்வேன். மூன்று பேரும் வந்து தகரத்தில் காதை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். கம்பி முறுக்கப்படும், டிரம்மின் தோல் இழுக்கப்படும், அண்ணன் கண்ணை மூடி ‘ம்ம்ம்’ என்று குரலை அந்த ரீங்காரத்தில் இறக்கி வைப்பார். ரசிகர்கள் அதை ஒரு சடங்காகவே ஆக்கிவிட்டார்கள். எஞ்சின் உறுமினால் போதும், கடைசி வரிசைவரை விசில் பறக்கும். பாருங்கள், சொல்லும்போதே பறக்கிறது!

முதல் கச்சேரி ஒரு மரச்சாமான் கடைத் திறப்பு விழா. முதல் பாட்டு முடிவதற்குள் கடைக்காரரைத் தவிர எல்லோரும் ஓடிவிட்டார்கள். அவர் ஓடாததற்குக் காரணம், அது அவருடைய கடை. அங்கிருந்து படிப்படியாக, பாடுபட்டு, பட்டுத் தேறி, எட்டாயிரம் பேர் கூடும் திடல்வரை வந்தார்கள். பதினெட்டு ஆண்டில் ஐந்து பாட்டுத் தொகுப்பு. ஒவ்வொன்றும் முந்தியதைவிடக் கனம், முந்தியதைவிட ஆழம். பத்திரிகையில் ஒரு விமரிசகர் எழுதினார்: “கொதிகலன் குழுவினர் ஆண்டுக்கு ஆண்டு இருளின் அடியாழத்துக்கு இறங்குகிறார்கள். இது கலையின் முதிர்ச்சி.” அதை வெட்டி வண்டியின் கண்ணாடிக்கு மேல் ஒட்டி வைத்துப் பெருமைப்பட்டவள் நான். அந்த விமரிசகர் இன்று வந்திருந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

ஏனென்றால் பெருமை பொங்கிய அதே காலத்தில் அண்ணனின் தொண்டை மங்கிக்கொண்டிருந்தது. முதலில் கரகரப்பு. பிறகு கச்சேரி முடிந்த மறுநாள் பேச்சே வராது. பிறகு இரண்டு நாள். பிறகு தண்ணீர் விழுங்கினாலும் முகம் சுளிப்பார். ஊர் என்ன சொல்லும்? “கத்துனா கெடாதா?” என்றது. அண்ணி அவரைத் தரதரவென்று தொண்டை மருத்துவர் அம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனார், நானும் கூடப் போனேன். அந்த அம்மா குழாய்விட்டுப் பார்த்துவிட்டு, “வீக்கம் இருக்கு. எங்க பாடிப் பழகுறீங்க?” என்று கேட்டார்.

“லாரி ஷெட்டுல” என்றார் அண்ணன்.

“வண்டி ஓடிட்டிருக்குமா?”

“ஓடினாத்தானே டாக்டர் சுருதி?”

மருத்துவர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். டீசல் புகை இந்தத் தொண்டைக்கு ஆகவே ஆகாது, புகையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

எனக்குச் சுருக்கென்று தைத்தது. புகை யாருடையது? என் வண்டியுடையது! என் சோற்றுக்கு ஓடும் வண்டி என் அண்ணனின் மூச்சில் விளையாடுவதா? இனி என் டேங்கில் டீசல் ஊற்றினால் என்னை ஏன் என்று கேளுங்கள் என்று சூளுரைத்தேன். அன்று தொடங்கியது, பெரியோர்களே, என் மாற்று எரிபொருள் மகாயாத்திரை!

முதலில் சமையல் எண்ணெய். உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கி, வடிகட்டி, வெந்நீர்க் குழாய் சுற்றிச் சூடாக்கி ஓட்டும் ஏற்பாடு. சுத்தியல்தான் செய்து கொடுத்தார். கரும்புகை குறைந்தது உண்மை. ஆனால் என் வண்டி போகும் பாதையெல்லாம் பொரித்த மீன் வாசனை! பின்னால் வந்த லாரிக்காரர்கள் பசிதாங்காமல் ஓரம்கட்டிச் சாப்பிடப் போனார்கள். தலைவர் தலையாட்டுகிறார், அவரும் அதில் ஒருவர்.

அடுத்து ஒரு மலையூர்ப் பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சுகள் ஏற்றிப்போனேன். மலையில் அப்படி ஒரு குளிர். விடிந்து சாவியைத் திருகினேன், வண்டி முக்கியது, முனகியது, அடங்கியது. இறங்கி ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் மெழுகாக உறைந்து உட்கார்ந்திருக்கிறது! என்ன செய்ய? ஒரு பெஞ்சை இறக்கி ரோட்டோரம் போட்டு, அதில் உட்கார்ந்து சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் மாணவி நான்தான். அன்று படித்த பாடம், எந்த எரிபொருளும் தான் பிறந்த குணத்தை விடாது, நாம்தான் அறிந்து பழக வேண்டும் என்பது. வெயில் ஊருக்கு அந்த எண்ணெய் நல்ல எண்ணெய்தான். நம் சங்கத்தில் நாலு வண்டி இன்றும் அதில்தான் ஓடுகிறது, நான் குறை சொல்லமாட்டேன்.

இப்படியே ஆறு மாதம் ஓடியது. மறுபடி மருத்துவர் அம்மா முன்னால் உட்கார்ந்தோம். வீக்கம் வற்றியிருக்கும் என்று நினைத்துப் போனவர்களுக்கு, அங்கே ஒரு கட்டியே வந்துவிட்டது என்ற சேதி. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். வெட்டி எடுத்து ஆய்வுக்கு அனுப்பவேண்டும் என்றார். அதோடு நிற்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

“புகை ஒரு காரணம்தான். ஆனா இவர் தன்னோட குரலுக்கு ரொம்பக் கீழ எறங்கி, தொண்டைய நெரிச்சுப் பாடியிருக்காரு. யாரு இவர இவ்வளவு கீழ பாடச் சொன்னது?”

யார் சொன்னது? யாரும் சொல்லவில்லையே! அண்ணனும் இல்லையென்று தலையசைத்தார், எங்களுக்கும் விளங்கவில்லை.

கட்டியை எடுத்தார்கள். முடிவு வரப் பத்து நாள். தாய்மார்களே, அந்தப் பத்து நாள் எந்த எதிரிக்கும் வரக்கூடாது. அண்ணி காலண்டரைத் திருப்பி வைத்துவிட்டார். சுத்தியல் ஒரே போல்ட்டைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். பதினோராம் நாள் மருத்துவர் அம்மாவே போனில் கூப்பிட்டார்: “கெட்ட கட்டி இல்லம்மா.” நான் ரோட்டில் நின்றபடியே ஓவென்று அழுதேன். ஆனால் அவர் முடிக்கவில்லை. ஆறு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. அதற்குப் பிறகும் பழையபடி கீழே இறங்கிப் பாடினால், அடுத்த முறை குரல் மிஞ்சாது. உயிர் பிழைத்தது, குரல் ஊசலாடியது.

ஆறு வாரம் அண்ணன் ஊமையாக இருந்தார். நூலகத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை! ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாகத் திரிந்தார். அந்த ஆறு வாரத்தில்தான் என் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு பேட்டரி லாரி எடுத்தேன். “பொம்மை வண்டி, சாவி கொடுத்தா ஓடுமா?” என்று கேட்டவர் நம் தலைவர். ஆனால் சார்ஜ் போட என் ஷெட்டில் மின்இணைப்பு போதாது என்று தெரிந்ததும், மறுபேச்சில்லாமல் தன் ஷெட்டைத் திறந்துவிட்டவரும் அவரே. வாய் ஹாரன்தான் தலைவரே, மனசு வெண்ணெய்!

அண்ணன் திரும்பி வரும்போது கை மறந்திருக்கக்கூடாது என்று மற்ற இருவரும் ஒத்திகைக்கு வந்தார்கள். அண்ணனும் நோட்டோடு, காவலுக்கு அண்ணியோடு, மூலையில் உட்கார்ந்துகொண்டார். ஊசி கிட்டாரை மாட்டினார், புதுவண்டியின் பக்கவாட்டில் காதை வைத்தார், காத்திருந்தார், காத்திருந்தார்.

“அக்கா, ஸ்டார்ட் பண்ணுங்க.”

“பண்ணி அஞ்சு நிமிஷம் ஆச்சுடா.”

“வெளையாடாதீங்கக்கா.”

“யாரு வெளையாடுறா? வந்து விளக்கப் பாரு, எரியுது!”

மூன்று பேரும் திருதிருவென்று விழித்தார்கள். சிரிக்காதீர்கள்! தாயின் குரல் கேட்காத பிள்ளைபோல் நின்றார்கள். பதினெட்டு வருடம் எஞ்சினைக் கேட்டுச் சுருதி சேர்த்தவர்களுக்கு, எஞ்சினே இல்லாத வண்டியில் என்ன சேரும்? கடைசியில் சுத்தியல் தன் போனில் ஒரு சுருதிக் கருவியை இறக்கினார். முதல் தொகுப்பில் நாலு கட்டை என்று அண்ணனே நோட்டில் எழுதிக் காட்டினார். அந்த நாலு கட்டைக்குக் கம்பியை இழுத்தார் ஊசி. கம்பி ஏறிக்கொண்டே போனது. “அண்ணே, அறுந்துடும்ணே! நம்ம பாட்டு இவ்வளவு மேலயா இருந்துச்சு?”

அண்ணன் எழுந்தார். அலமாரியிலிருந்து முதல் கேசட்டை எடுத்துப் போட்டார். கருவி என்ன சொன்னது? நாலு கட்டை. கடைசித் தொகுப்பைப் போட்டார். கருவி என்ன சொன்னது? இரண்டு கட்டை! நடுவில் உள்ளவற்றைப் போட்டோம். நாலுக்குக் கீழே, அதற்குக் கீழே, அதற்கும் கீழே. ஆண்டுக்கு ஆண்டு, கண்ணுக்குத் தெரியாமல், காதுக்கும் தெரியாமல், மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கியிருக்கிறார்கள். அதைத்தான் ஐயா அந்த விமரிசகர் இருளின் அடியாழம் என்றார்!

சுத்தியல் மெக்கானிக் அல்லவா? மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

“அக்கா. பழைய வண்டியில ஐடிலிங் ஸ்க்ரூவத் தொட்டீங்களா?”

தாய்மார்களுக்குச் சொல்கிறேன். வண்டி ஓடாமல் நிற்கும்போது எஞ்சின் மட்டும் மெதுவாகச் சுற்றும், அதுதான் ஐடிலிங். அந்த வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகு உண்டு. குறைத்தால் டீசல் மிச்சம், ரீங்காரமும் இறங்கும். ஓட்டுநர்களே, டீசல் விலை ஏறும்போதெல்லாம் நீங்கள் என்ன செய்வீர்கள்? சொல்லுங்கள்! ஆமாம், அதையேதான் நானும் செய்தேன். வருடத்துக்கு ஒருமுறை, திருப்புளியை எடுத்து, ஒரு துளி திருகினேன். ஒரு துளிதானே என்று திருகினேன். இன்னும் ஒரு துளிதானே என்று திருகினேன். நான் திருகத் திருக எஞ்சின் இறங்கியது, எஞ்சின் இறங்க இறங்கக் கம்பி இறங்கியது, கம்பி இறங்க இறங்க என் அண்ணன் தன் தொண்டையை நெரித்துக்கொண்டு கூடவே இறங்கினார்! மருத்துவர் அம்மா கேட்டாரே, யார் இவரை இவ்வளவு கீழே பாடச் சொன்னது என்று. நான்தான். இந்தக் கைதான்.

அண்ணன் முன்னால் போய் நின்றேன். “நான்தான்ணே. டீசல மிச்சம் புடிக்கிறேன்னு நான்தான்ணே…” சொல்லும்போதே அழுதுவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவும் முடியாதே, வாய் பேசக்கூடாதே என்று இன்னும் அழுகை வந்தது. அவர் பென்சிலை எடுத்தார். நோட்டில் எழுதித் திருப்பிக் காட்டினார். என்ன எழுதியிருந்தார் தெரியுமா?

“அப்போ எனக்கு வயசாகலையா?”

எழுதிவிட்டுச் சத்தமே இல்லாமல் சிரித்தார், தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். பிறகு நோட்டைப் பின்பக்கம் திருப்பினார். அங்கே ரசிகர்களுக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தார். “என் குரலுக்கு வயதாகிவிட்டது. இனி முடியவில்லை. விடைபெறுகிறேன்.” தேதி அதற்கு முந்தின வாரத் தேதி! எங்கள் யாருக்கும் சொல்லாமல், ஆறேழு வருடமாக, தான் தேய்ந்துபோனதாக நினைத்து மனதுக்குள்ளேயே வெந்திருக்கிறார் இந்த மனுஷன். அந்தப் பக்கத்தைக் கிழித்தார். கிழித்ததை வாங்கி இன்னும் நாலாகக் கிழித்தவர் அண்ணியார். நன்றாகக் கைதட்டுங்கள், கிழிக்கவேண்டிய கடிதம்தான் அது!

என் லாரி உலகச் சொந்தங்களே! பேட்டரி வண்டிதான் வாங்கவேண்டும் என்று நான் கட்டளையிட வரவில்லை. மலைக்குப் போகிறவர் மலையை யோசியுங்கள். தூரம் போகிறவர் தூரத்தை யோசியுங்கள். நடுவழியில் சார்ஜ் போட இடம் தேடி நான் பட்ட பாட்டையும் கேட்டுக்கொள்ளுங்கள், மறைக்கமாட்டேன். ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். முப்பது வருடமாக அந்த இரைச்சலுக்குள் உட்கார்ந்து ஓட்டினோமே, வீட்டுக்கு வந்தும் கத்தித்தானே பேசுகிறோம்? “ஏன் கத்துறீங்க, பக்கத்துலதானே இருக்கேன்” என்று கேட்காத மனைவி இந்தக் கூட்டத்தில் உண்டா? கை தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கையும் இல்லை! பிள்ளை மெதுவாகச் சொன்னது நமக்குக் கேட்டதா? நம் கூடவே வந்தவரின் மூச்சு கேட்டதா? வண்டியின் நாடியைத் தெரிந்த நமக்கு, வீட்டு மனிதரின் நாடி தெரிந்ததா? எனக்குத் தெரியவில்லை, ஐயா. என் அண்ணன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து தேய்ந்தார், எனக்குக் கேட்கவில்லை. அந்த வெட்கத்தைத்தான் இந்த மேடையில் உங்கள் முன் இறக்கி வைக்கிறேன். நீங்களாவது கேளுங்கள்!

நேற்று மருத்துவர் அம்மா மறுபடி குழாய்விட்டுப் பார்த்தார். “சுத்தமா இருக்கு. பேசலாம், பாடலாம். உங்க சுருதியில மட்டும்” என்றார். இன்று காலை இந்த விழாவுக்கு நான் வண்டி ஓட்ட, அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆறு வாரம் சேர்த்து வைத்த முதல் வார்த்தை, என்ன பொன்மொழியாக இருக்குமோ என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். பாலம் தாண்டியதும், மெல்ல, மிக மெல்ல, பழைய வண்டியாக இருந்தால் காதிலேயே விழுந்திருக்காத அளவுக்கு மெல்லச் சொன்னார்:

“பாப்பா, மெதுவாப் போ. நீ எப்பவுமே வேகம்.”

கேட்டது! அவ்வளவும் கேட்டது! ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். ஸ்டீயரிங்கில் தலையை வைத்து அழுதேன், அவர் என் முதுகில் தட்டிக்கொண்டே, “அழுதுட்டு மெதுவாவே போ, நேரமிருக்கு” என்றார். அதுவும் கேட்டது.

என் பேச்சு நீண்டுவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். இடமும் மின்சாரமும் இதயமும் தந்த தலைவருக்கு நன்றி. தொண்டையைக் காத்த மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. தாங்கிய அண்ணிக்கும், பொறுத்த சுத்தியலுக்கும் ஊசிக்கும், ஒரு குற்றவாளியின் வாக்குமூலத்தை இவ்வளவு நேரம் கைதட்டிக் கேட்ட உங்களுக்கும் நன்றி, நன்றி. கொதிகலன் மேடையேறுகிறது. ஹெவி மெட்டல் பழக்கமில்லாத பெரியவர்களுக்குக் காதில் வைத்துக்கொள்ளப் பஞ்சு வாசலில் இருக்கிறது, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு மட்டும் வேண்டாம். அண்ணே, வாங்க, நாலு கட்டையில ஆரம்பிங்க. எல்லோருக்கும் வணக்கம்!